இன்னும் மூன்று தடவை

“வேண்டாம்” என்று மைக்கில் சொன்னாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் குணசீலன் உதட்டைப் பிதுக்கினார். “ஒன் மோர்” என்றார். இன்னும் ஒரு தடவை.

திரையில் ஹாலிவுட் கதாநாயகி அலுவலக வாசலில் நிற்கிறாள். எதிரே கதாநாயகன். கையில் பலூன், தலைக்கு மேல் மழை. நனைந்துகொண்டு நின்றால் எதையும் மன்னித்துவிடலாம் போலிருக்கிறது.

நான்கு தடவை வேண்டாம் என்பாள். ஐந்தாவது தடவை சிரித்துக்கொண்டே சரி என்பாள்.

இது இரண்டாம் பாகம். முதல் பாகத்திலும் இதே கதைதான். ஊரே பார்த்துச் சொக்கிப்போனது. அதற்குத் தமிழில் குரல் கொடுத்ததும் மைக் முன்னால் நிற்கிற இவள்தான்.

நாற்பத்தாறு வயதில் இருபத்திரண்டு வயதுக் குரல். முத்தக் காட்சி வந்தால் புறங்கையில் வாயை வைத்துச் சத்தம் கொடுப்பாள். இத்தனை வருடமும் அது வெறும் வேலை. இன்று அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

நேற்று சாயங்காலம் மகள் பிரிசில்லா போனை நீட்டினாள்.

அவளுடைய கல்லூரி வாசலில் ஒருவன் இருபது நாளாக நிற்கிறான். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பதிலுக்கு அவன் தினமும் அதே துண்டு வீடியோவை அனுப்புகிறான். முதல் பாகத்தின் நான்கு வேண்டாம். கடைசியில் அந்தச் சரி. அந்தச் சிரிப்பு.

“இது உன் குரல்மா.”

 இன்று மகள் கல்லூரிக்குப் போகவில்லை.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

“வேண்டாம்.”

குணசீலன் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். பொறுமையாக விளக்கினார். வேண்டாம் என்பதில் கொஞ்சம் ஆசை தெரிய வேண்டுமாம். கொஞ்சம் குழைவு வேண்டுமாம். முதல் பாகத்தில் எவ்வளவு அழகாகச் செய்தாளாம்.

“நீங்க சொல்றது நெஜமாவே வேண்டாம்ங்கிற மாதிரி இருக்கும்மா. அப்புறம் அவன் எதுக்குத் திரும்பத் திரும்ப வர்றான்?”

அவரைக் குறை சொல்ல முடியாது.  முதல் பாகத்தில் குழைந்தது யார்?

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

வெளியே சோபாவில் இரண்டு பெண்கள் வாய்ப்புக்காகக் காத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் யாராவது ஒருத்தி குழைந்துவிடுவாள். அதுவும் இவளுக்குத் தெரியும்.

மாடிப்படியில் நின்று மகளிடம் போனில் அவன் எண்ணைக் கேட்டு வாங்கி, அவனைக் கூப்பிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“இனிமே மெசேஜ் அனுப்பாதே. வாசல்ல நிக்கவும் வேண்டாம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து பேசிய குரல் இன்னும் தொண்டையைவிட்டு இறங்கவில்லை. வந்தது கதாநாயகியின் குரல்.

பிரிசில்லாதான் வேறு போனிலிருந்து அந்த வீடியோவில் வருகிற மாதிரியே பேசிக்காட்டுகிறாள் என்று அவன் நினைத்துவிட்டான். சந்தோஷமாகச் சிரித்தான்.

“ஒண்ணு ஆச்சு. இன்னும் மூணு தடவ சொல்லு. அப்புறம் சரின்னுடுவே.”



செருமினாள். எச்சிலை விழுங்கினாள். வீட்டில் பேசுகிற குரலில் பேசினாள்.

“நான் அவ அம்மா. நாளைக்கு காலேஜ் வாசல்ல நான்தான் நிப்பேன். வந்துடு.”

சிரிப்பு நின்றது. அவள் காத்திருந்தாள்.

போனை முதலில் வைத்தது அவன்தான்.