தாய்மாமன் போட்ட புள்ளி

கனடிய ஃபுட்போல் கழகம் ஒன்றுக்கு, நோர்பரியில் வீட்டிலிருந்தபடியே சுபாஸ்கரன் வேலை பார்த்தார். தபாலில் வரும் டிவிடிகளில் கல்லூரி வீரர்களின் ஆட்டத்தைப் பார்த்து நூற்றுக்குப் புள்ளி போடுவார். எழுபத்தைந்து எடுத்தவன் கழகத்தின் தெரிவுப் பட்டியலில் ஏறுவான்.

இந்த முறை வந்த டிவிடியில் தங்கை றொஷானியின் மகன் கஜன்! பெடியன் பறந்தான். கண்ணை மூடிக்கொண்டு தொண்ணூறு போடலாம்.

‘மருமகனுக்கு அள்ளிக் குடுத்திட்டான்’ என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாதே. எண்பது போட்டார். பட்டியலில் ஏற அது காணும்.

பட்டியலில் கஜன் இல்லை. பதறிப்போய்க் கழகத்துக்கு ஃபோன் எடுத்தார்.

“நீங்கள் தாய்மாமன் என்று அவனே விண்ணப்பத்தில் எழுதியிருந்தான்,” மேலாளர் சிரித்தார். “மாமா எப்படியும் பத்துப் புள்ளியாவது கூட்டியிருப்பார் என்று, பத்தைக் கழித்துவிட்டோம்.”

ஃபோனை வைத்த கையோடு ரொறன்ரோவிலிருந்து றொஷானி அழைத்தாள்.

“அண்ணை, நீங்கள் கவலைப்படாதேங்கோ. நீங்கள் கூட்டித்தான் போட்டிருப்பியள் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. அப்பிடியும் எடுபடேல்லை எண்டால் தனக்கு ஏலாதெண்டு கஜன் சொல்லுறான், இனி விளையாடமாட்டானாம். அவன் சொல்லுறதும் சரிதானே?”

“ஓம்,” என்றார் சுபாஸ்கரன்.