முதலில் கிளம்பிய மோட்டார்

மாவு மில்லில் மூன்று மோட்டார்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒன்றாகக் கிளம்பின. மறுபடியும் பியூஸ் போயிற்று.

“இந்த டிரான்ஸ்பார்மர் நமக்குப் போதாது. இன்னொரு முறை நின்றால் கடைக்கே திருப்பிவிடுவேன்” என்றார் முதலாளி.

“கேட்டாயா, நோஞ்சான்!” என்று சிரித்தது பெரிய மோட்டார்.

டிரான்ஸ்பார்மர் கலங்கவில்லை. “ஓடும்போது நீங்கள் மூவரும் எனக்குப் பாரமே இல்லை, அண்ணே. கிளம்பும்போதுதான் ஆளுக்கு ஐந்து மடங்கு மின்சாரம் கேட்கிறீர்கள். ஒவ்வொருவராக எழுந்திருங்கள்.”

“யார் முதலில்?” மூன்றும் முறைத்துக்கொண்டன.

“அதிகம் கேட்பவர் நீங்கள்தானே அண்ணே, நீங்களே முதலில்” என்றது டிரான்ஸ்பார்மர் பெரிய மோட்டாரிடம்.

பெரியது பெருமையோடு கிளம்பி வேகம் பிடித்தது. அதன் பிறகே மற்ற இரண்டும் ஒவ்வொன்றாக எழுந்தன. பியூஸ் போகவில்லை.

“அட, இதுவே போதும்!” என்றார் முதலாளி.

“பார்த்தாயா, என்னால்தான் நீ பிழைத்தாய்” என்றது பெரிய மோட்டார்.

“ஆமாம் அண்ணே. நாளைக்கும் நீங்களே முதலில்” என்றது டிரான்ஸ்பார்மர்.