மஞ்சள் வீட்டு முன்னால் நிற்பவர்

சிலி நாட்டுத் துறைமுக நகரமான வால்பராய்சோவில் வீட்டிலிருந்தபடியே படம் வரைந்து பிழைக்கும் யாஸ்னாவுக்கு, ரொட்டிக்கடை எடெல்மிராவால் பெரிய தலைவலி. கடைச் சுவருக்காக யாஸ்னா வரைந்து கொடுத்தது ஆளே இல்லாத ஒரு மலைத்தெரு. படம் சுவரில் ஏறிய நாளிலிருந்து எடெல்மிரா ஓயாமல் போன் செய்தாள்.

"எல்லாம் நல்லாருக்கு கண்ணு. அந்த ஆள மட்டும் எடுத்துடேன்."

"ஆளே வரையலையேம்மா!"

"நிக்கிறாரே. இப்ப தொப்பியக்கூட கழட்டிட்டாரு."

வேறு வேலையே ஓடவில்லை. யாஸ்னா எரிச்சலோடு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய், ரொட்டி வாங்க வந்தவர்களிடம் கேட்டாள்.

"மஞ்ச வீட்டு முன்னாடி நிக்கிறாரே" என்றார்கள். "நனைஞ்சுபோயிருக்காரு, பாவம்" என்றார் ஒருவர்.

"எங்க? விரல வச்சுக் காட்டுங்க!" என்று கத்தினாள் யாஸ்னா.

எடெல்மிரா விரல் வைத்த இடத்தில் வெறும் மஞ்சள் சுவர்தான் இருந்தது. அதன்மேல் யாஸ்னா ஒரு பச்சைக் கதவை வரைந்தாள்.

"போதுமா? உள்ள போயிட்டாரா?"

"போயிட்டாரு" என்றார்கள் எல்லோரும் நிம்மதியாக. எடெல்மிரா அவளுக்குத் தேநீரும் சூடான ரொட்டியும் கொடுத்தாள். அவள் பாதி ரொட்டி தின்பதற்குள் எல்லோரும் மறுபடி படத்தையே பார்த்தார்கள்.

"தொறந்துவிடு கண்ணு" என்றாள் எடெல்மிரா மெல்ல. "உள்ளேருந்து தட்டுறாரு."

போதும் இந்தக் கூத்து என்று சொல்ல யாஸ்னா வாயெடுத்தாள். அப்போது அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

அவள் வரைந்த கதவில் கைப்பிடி இல்லை.