ஒன்பதிலிருந்து ஒன்றுவரை

லிஃப்ட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுப்பவள் அவள். தினமும் காலை பத்து மணிக்கு ஆன்லைன் மீட்டிங்.

டைரக்டர் பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடம், இரண்டு வயது மகள் கரண்டியோடு மடியில் ஏறி ஊரைக் கூட்டிவிடுவாள். அவரும் முகம் சுண்டி, "சரி, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்று எழுந்துவிடுவார்.

வேலைக்கே உலை வைத்துவிடுவாள் போலிருக்கிறதே என்று பயந்து, பக்கத்துத் தெரு அக்காவைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். ஒன்பதிலிருந்து ஒன்றுவரை.

"பத்து மணிக்கு மட்டும் அழ விட்டுடாதீங்கக்கா."

"மூச்சு சத்தம்கூட வராதும்மா."

வரவில்லை. மூன்று நாளும் டைரக்டர் பன்னிரண்டரை வரை தங்குதடையில்லாமல் பேசினார்.

மூன்றாம் நாள் மாலை மேனேஜர் போன் செய்தார்.

"என்னம்மா, பாப்பா சத்தத்தையே காணோம்?"

"பாத்துக்க ஆள் வெச்சிட்டேன் சார். இனிமே தொந்தரவே இருக்காது."



"அவங்க எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

"ஒரு மணி வரைக்கும் சார்."

"சரி."



ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் மெயில் வந்தது: 'நாளை முதல் மீட்டிங் பிற்பகல் இரண்டு மணிக்கு.'

பதினெட்டுப் பேர் உடனே நன்றி சொல்லியிருந்தார்கள். அவளுக்கு மட்டும் மேனேஜரிடமிருந்து தனியாக ஒரு வரி.

'மதியத்துல பாப்பாவைத் தூங்க வெச்சிடாதீங்க.'