நடுங்கத் தெரியாதவர்

“பத்தாது சார். இன்னும் நல்லா நடுங்கணும்,” என்றாள் விளம்பர அதிகாரி.

முதலாளியைப் பார்த்து இப்படிச் சொல்லும் துணிச்சல் அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் கிடையாது. இருநூறு பேரை இருபது வருஷமாக நடுங்க வைத்துப் பழகிய மனிதருக்கு, தான் நடுங்க வரவில்லை. பதினோரு தடவை வீடியோ எடுத்தாகிவிட்டது. மூன்று சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

நடுக்குவாத நோய் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துகிறோம் என்று ஒரு சவால் போனுக்குப் போன் தாவிக்கொண்டிருந்தது. தண்ணீர் டம்ளரைப் பிடித்து, நோயாளி மாதிரி நடுங்கி, சட்டையில் கொட்டிக்கொண்டு, ‘அடுத்து நீங்க’ என்று மூன்று பேரை இழுத்துவிட வேண்டும். போட்டிக் கம்பெனிக்காரர் நேற்று நடுங்கி நாலு லட்சம் லைக் அள்ளியதோடு, இவர் பெயரையும் சொல்லித் தொலைத்திருந்தார். இன்று ஆறு மணிக்குள் பதில் வீடியோ போகாவிட்டால் முதலாளியின் மானம் போய்விடும். அதன் பின்னாலேயே தன் வேலையும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

“மாமாவுக்கு என்ன குறைச்சல்? தத்ரூபமா இருந்துச்சே!” என்றான் முதலாளியின் மச்சான். அக்காவைக் கட்டிக்கொடுத்த புண்ணியத்தில் பர்சனல் மேனேஜர் ஆனவன்.

“தத்ரூபமா? ஓடுற பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டுற மாதிரி இருக்கு சார்.”

போதாக்குறைக்கு, டம்ளர் வைத்திருந்த மேசை ஒரு கால் குட்டையாகி அதுவும் ஆடியது. முட்டுக் கொடுக்க மச்சான் சுற்றுமுற்றும் துழாவினான். அகப்பட்டது, நோயின் அறிகுறிகளை டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்திருந்த பக்கம். வீடியோவின் முடிவில் காட்டுவதற்காக அவள் நடையாய் நடந்து வாங்கி வந்தது அது.

“அதை எடுத்துடாதீங்க சார், அது...”

“அட, அதை யாரும்மா படிப்பா?” என்றார் முதலாளி. “காலையிலேயே வேண்டாம்னு எழுதிட்டேனே. அந்த இடத்துல நம்ம கம்பெனி சின்னத்தைப் பெருசாப் போடு.”

எழுதியிருந்தார்தான். டாக்டர் எழுதிய பக்கத்தின் ஓரத்தில் போட்டிருந்த கையெழுத்தை அவள் கண்ணைச் சுருக்கித்தான் கண்டுபிடித்தாள். ஒரு காலத்தில் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்காரும் அந்த இடதுகைக் கையெழுத்து, இப்போதெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. பெரிய மனிதர்களுக்கு வயசானால் அடக்கம் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மச்சான் காகிதத்தை நாலாக மடித்து மேசைக்காலின் அடியில் செருகினான். ‘ஆரம்பத்தில் ஒரு பக்கம் மட்டும்...’ என்ற வரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீதி மடிப்புக்குள் போய்விட்டது. மேசை கச்சிதமாக நின்றது.

“மாமா, நம்ம பழைய டிரைவரை மனசுல வச்சுக்குங்க. ஸ்டியரிங்ல கை எப்படி வெடவெடன்னு ஆடும்!”

முதலாளியின் முகம் மலர்ந்தது. அந்த டிரைவரைப் போன மாதம் நிறுத்தியவர் அவர்தான். “வியாதிங்கய்யா, டாக்டர் சீட்டுகூட இருக்கு” என்று அந்த ஆள் மன்றாடியபோது, “காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டு, வியாதியாம் வியாதி!” என்று வாசலோடு அனுப்பிவிட்டார். சீட்டைத்தான் பார்க்கவில்லையே தவிர, கையை நன்றாகவே பார்த்து வைத்திருந்தார்.

பன்னிரண்டாவது தடவை. வலது கையில் டம்ளர் குலுங்கியது. சட்டை நனைந்தது. “இந்தக் கொடிய நோயைப் பற்றி ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும்” என்று சொல்லும்போது முதலாளிக்குக் குரல்கூடத் தழுதழுத்தது. மச்சான் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். வலது கை வழக்கம்போல் பஸ்ஸைத்தான் நிறுத்திக்கொண்டிருந்தது. உதட்டைப் பிதுக்கப்போனவள், திடீரென்று படத்தைப் பெரிதாக்கினாள். மறுபடியும் ஓட்டினாள்.

“சார்! சும்மா சொல்லக்கூடாது, பின்னிட்டீங்க!”

“பார்த்தியா? டிரைவரை நினைச்சேன், தானா வந்துடுச்சு.”

“வலது கை சுமார்தான் சார். இடது கை இருக்கே, தொடைமேல சும்மா வச்சிருந்தீங்களே, அது! கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி, எதையோ உருட்டுற மாதிரி... நேத்து நான் பார்த்த நோயாளி வீடியோல அப்படியே இதேதான். எங்க சார் கத்துக்கிட்டீங்க?”

“மாமான்னா மாமாதான்!” என்று கை தட்டினான் மச்சான். “அஞ்சு லட்சம் லைக் நிச்சயம்!”

கேமராவை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. முதலாளி குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். அது இன்னும் உருட்டிக்கொண்டிருந்தது.

“அந்தக் கையை நான் ஆட்டவே இல்லையேம்மா.”