நாற்பது பூனைக்குட்டிகள்

ஆஸ்பத்திரி ஹாலில் அப்பாவுக்கு மூச்சிரைத்தது. பக்கத்து நாற்காலியில் மகள் பூனைக்குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மடியில் லேப்டாப். வெப்சைட்டுகளைச் சோதிப்பது அவள் வேலை. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத ப்ரவுசர் தானாகவே படிவங்களை நிரப்பித் தள்ளும். இன்றைக்கு நாற்பது பொய் நோயாளிகள் தேவை. நிஜ மனிதர் பெயர் போடக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அதனால் பூனைக்குட்டி ஒன்று, பூனைக்குட்டி இரண்டு...

“ஒம்பதுக்குத்தானேம்மா புக்கிங்? இந்த ஆஸ்பத்திரிக்கு உங்க கம்பெனி பண்ணின சைட்டு, வேலை செய்யுமா?”

“கிண்டலாப்பா? நேத்து கிளம்பறப்பகூட அசல் சைட்டை ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுதான் வந்தேன். ஜோரா இருக்கு.”

“அப்ப இது?”

“இது நகல். சும்மா ஒத்திகை. மேனேஜர் உயிரை வாங்கறார்.”

இதய டாக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார், நாற்பது பேரைத்தான் பார்ப்பார். இன்று விட்டால் அடுத்த மாதம். அதுவரை அப்பா தாங்குவாரா?

மணி ஒன்பது. மேல் அம்புக்குறியைத் தட்டினாள், நேற்று கடைசியாக அடித்த வரி வந்து நின்றது. அதன் வாலில் ஒன்று என்றிருந்ததை மட்டும் நாற்பது ஆக்கி எண்டரைத் தட்டிவிட்டு, அப்பாவுக்குப் பதிவு செய்யப் போனை எடுத்தாள்.

பெயர், வயது, முகவரி. நிரப்பி முடிக்க இரண்டு நிமிடம்.

‘இன்றைய இடங்கள் நிரம்பிவிட்டன.’

லேப்டாப்பில் மட்டும் நாற்பது வரிகளும் ‘வெற்றி’ என்று பச்சையாக மின்னின. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கவுன்ட்டருக்கு ஓடினாள்.

“ரெண்டே நிமிஷத்துல நாப்பது இடமும் எப்படிங்க போகும்? ஹால்ல பத்துப் பேர்கூட இல்லையே!”

“கம்ப்யூட்டர் சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும். என் கையில ஒண்ணும் இல்லம்மா.”

அப்பா சுவரைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். “எம் பொண்ணுதாம்மா உங்க சைட்டையே டெஸ்ட் பண்றா. கொஞ்சம் பாத்து...”

கவுன்ட்டர் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

“எந்தப் பாவி தட்டிட்டுப் போனானோ!” மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், ஹாலைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

“இங்க பூனைக்குட்டி ஒண்ணு யாருங்க? உள்ள வாங்க.”