பெனிட்டாவின் நாய்

நாய் மறுபடியும் குரைத்தது.

லொள், லொள், லொள்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். எண்ணெயில் சாளை மீன் பாதி வெந்து கிடந்தது.

"என்னம்மா? தண்ணியா?"

பெனிட்டா நாற்காலியில் சாய்ந்தபடி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒன்பது வயதாகிறது. இதுவரை வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. கை கால் எதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது. இடது முழங்கை மட்டும் கேட்கும், அதுவும் அதற்கு மனசு இருந்தால்.

அந்த முழங்கையை நம்பித்தான் தெரபி சென்டரில் இந்த வேலையைச் செய்து கொடுத்தார்கள். பொம்மை நாயின் வயிற்றைப் பிரித்து ஒரு வயரை வெளியே இழுத்தார்கள். அதைச் சாஸர் அளவு சிவப்பு ஸ்விட்ச் ஒன்றில் செருகி, நாற்காலிக் கைப்பிடியில் கட்டினார்கள். முழங்கையால் அழுத்தினால் நாய் குரைக்கும்.

"குரைச்சதும் போய் நில்லுங்கக்கா. கூப்பிட்டா அம்மா வருவாங்கன்னு அவளுக்குத் தெரியட்டும்" என்று தெரபிஸ்ட் பெண் சொல்லி அனுப்பினாள்.

முதல் நாள் அம்மா அழுதாள். ஒவ்வொரு குரைப்புக்கும் ஓடிப்போய் முத்தம் கொடுத்தாள்.

ஒரு வாரம் ஆகிவிட்டது. முத்தமாவது, மண்ணாங்கட்டியாவது!

தண்ணீர் வேண்டாம். ஃபேன் வேண்டாம். சும்மா கூப்பிடுகிறாள், வந்து நின்றால் சிரிக்கிறாள், அவ்வளவுதான். குளிக்கப் போனால் குரைப்பு. ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் குரைப்பு. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரி, இவர்கள் நாய் வளர்ப்பதாக நினைத்து, ஒரு கவர் நிறைய எலும்பு கொண்டுவந்து நீட்டினாள்.

லொள், லொள், லொள்.

அடுப்படிக்குள் முழுசாகக் கால் வைக்கவில்லை, அதற்குள் அடுத்தது. மீன் கருகும் வாடை வேறு.

"ஏட்டி, என் உயிர வாங்காத!"

ஒரே பாய்ச்சலில் போய் வயரைப் பிடுங்கினாள்.

அப்பாடா.

கருகியதை ஒதுக்கிவிட்டு அடுத்த ஈடு போட்டாள். வீடு அமைதியாக இருந்தது. இத்தனை வருஷமும் இருந்த அதே அமைதி.

டக்.

ஸ்விட்ச் அழுந்தும் சத்தம்.

டக்.

ஒரு அழுத்தலுக்கு அந்தப் பிள்ளை என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். கழுத்து வெட்டி இழுக்கும். உதடு கோணும். தோள் இறுகி, பிறகுதான் முழங்கை அசையும்.

இப்போது சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் போனது. பிள்ளை காது கொடுத்துக் காத்திருக்கிறாள்.

டக்.

மாடி வீட்டுப் பையன் "எம்மோவ்!" என்று கத்தினான். "இருல, வாரேன்!" என்று அவன் அம்மா எரிந்து விழுந்தாள். நாள் முழுக்க அந்த வீட்டில் இதே பாட்டுத்தான். கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். வாய் நிறையக் கூப்பிட ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்குப் போய் இப்படி அலுத்துக்கொள்கிறாளே பாவி என்று.

டக்.

அடுப்பைத் தணித்துவிட்டுப் போய் வயரைச் செருகினாள். பெனிட்டாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்து கரண்டியை எடுத்தாள்.

லொள், லொள், லொள்.

"இருட்டி, வாரேன்!"

கத்திய பிறகுதான், தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. மாடி வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவள் ஓடவில்லை. அங்கேயே நின்று மீனைத் திருப்பிப் போட்டாள்.

லொள், லொள், லொள்.

"வாரேன்னு சொல்லுதேம்லா!"